ஸ்கேன் இலவசம், தவணை 24 மாதம்: வெளியே தெரியாத கிளிப்புக்கு யாரிடம் போவது?

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கிறோம். கணவர் காபித் தோட்டத்தில் மேஸ்திரி. மகளுக்கு 24 வயது. சேலத்தில் ஒரு கடையில் பில் போடும் வேலை, சம்பளம் 19,000 ரூபாய். மேல்வரிசைப் பல் நெருக்கமாக, கொஞ்சம் முன்னால் தள்ளி இருக்கிறது. கிளிப் போட வேண்டும், ஆனால் வெளியே தெரியக் கூடாது என்கிறாள். ஒரு அலைனர் (கழற்றி மாட்டும், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை) சென்டரில் இலவசமாக ஸ்கேன் எடுத்துவிட்டு 1,20,000 ரூபாய் என்றார்கள். மாதம் 5,000 வீதம் 24 மாதம், வட்டியே இல்லையாம். மொத்தமாகக் கட்டினால் 1,02,000. இந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு டாக்டர், பல் நிறத்துக் கிளிப் 70,000 என்கிறார். முன்பணம் 20,000, மீதியை வரும்போதெல்லாம் மாதம் 2,500. பல்லுக்கு உள்பக்கம் ஒட்டும் கிளிப் என்றால் 1,60,000. எங்களிடம் 45,000 ரூபாய் ஆர்.டி. மார்ச்சில் முடிகிறது. ஏலச்சீட்டு ஒன்று பாதியில் ஓடுகிறது. யாரிடம் போவது, கடன் வாங்கலாமா?

பதில்: வணக்கம் அம்மா. முதலில் அந்த "வட்டியே இல்லை" கணக்கைப் பார்த்துவிடுவோம். மொத்தமாகக் கட்டினால் 1,02,000, தவணையில் 1,20,000 என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். நடுவில் இருக்கும் 18,000 வேறென்ன? கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 16 சதவீத வட்டி வருகிறது. இதன்மேல் செயலாக்கக் கட்டணம் என்று ஒரு 2,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்தால் 18 சதவீதத்தைத் தாண்டிவிடும். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது. பெயர் மாறி "நோ காஸ்ட்" என்று வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் எனக்கு வட்டியைவிடப் பெரிய கவலை வேறு. நீங்கள் கையெழுத்துப் போடும் கடன் பெரும்பாலும் அந்த சென்டரோடு அல்ல, பின்னால் இருக்கும் ஒரு நிதி நிறுவனத்தோடு. பணம் முதல் நாளே சென்டருக்குப் போய்விடும். வேலை முடிய ஒன்றரை, இரண்டு வருடம். நடுவில் சென்டர் மூடினாலும், டாக்டர் மாறினாலும், மகளுக்குப் பிடிக்காமல் போனாலும் மாதம் 5,000 நிற்காது. அமெரிக்காவில் ஸ்மைல் டைரக்ட் கிளப் என்ற பெரிய அலைனர் நிறுவனம் 2023 டிசம்பரில் கடையை மூடியது. பாதி சிகிச்சையில் நின்றவர்களிடம், தவணையை மட்டும் தொடர்ந்து கட்டச் சொன்னார்கள். உங்கள் சென்டர் அப்படி என்று நான் சொல்லவில்லை. பணம் முன்னால் ஓடி, வேலை பின்னால் நடந்து வரும் ஏற்பாடு எனக்குப் பிடிப்பதில்லை. ஃபேர்லேண்ட்ஸ் டாக்டரின் ஏற்பாட்டில் நீங்கள் போகும்போதுதான் பணம் போகிறது. 20 மாதம் 2,500. மகளின் சம்பளத்தில் எட்டில் ஒரு பங்கு சுமார். அலைனர் தவணை கால் பங்குக்கும் மேல்.

சரி, யாரிடம் போவது? கிளிப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு டாக்டரைத் தேடுகிறோம்; அது தலைகீழ். பல்லை நகர்த்துவது பிளாஸ்டிக்கும் கம்பியும் என்றாலும், எந்தப் பல் எந்தப் பக்கம் எவ்வளவு என்று தீர்மானிப்பது ஆள். பி.டி.எஸ். முடித்தபின் இதற்கென்றே மூன்று வருடம் எம்.டி.எஸ். படித்தவர்கள் இருக்கிறார்கள். போர்டில் "எம்.டி.எஸ்." என்று மட்டும் இருந்தால் போதாது, வேர் சிகிச்சைக்கும் எம்.டி.எஸ். உண்டு, ஈறுக்கும் உண்டு. "ஆர்த்தோடான்டிக்ஸ்", அதாவது பல் வரிசைச் சீரமைப்பு, என்று இருக்க வேண்டும். வெறும் "ஆர்த்தோ" என்று கேட்டுக்கொண்டு போனால் ஐந்து ரோட்டில் எலும்பு டாக்டர் வாசலைக் காட்டுவார்கள்! தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணையும் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற டாக்டர் வேண்டாம்.

இன்னொன்று, பல கிளினிக்குகளில் இந்த நிபுணர் தினமும் இருக்க மாட்டார். மாதத்தில் ஓரிரு நாள் வந்து போவார். அது தவறில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை ஒரு பிராக்கெட் (பல்லில் ஒட்டி, கம்பியைப் பிடிக்கும் துண்டு) கழன்றால், அவர் வரும் ஞாயிறு வரை கன்னத்தைக் கம்பி குத்திக்கொண்டிருக்கும். உங்கள் வீட்டுக்கும் கிளினிக்குக்கும் நடுவில் 20 கொண்டை ஊசி வளைவு. அதனால் "எந்தெந்த நாள் வருவீர்கள், அவசரம் என்றால் யார் பார்ப்பார்கள்" என்பதை முதலிலேயே கேளுங்கள். அலைனர் சென்டரிலும் இதே கேள்விதான்: ஸ்கேன் எடுத்த பெண் யார் என்பது முக்கியமில்லை. திட்டத்தைப் போடும் டாக்டர் யார், அவரை நேரில் பார்க்க முடியுமா? வாயில் விரல் வைத்துப் பார்க்காமல், எக்ஸ்ரே எடுக்காமல், ஸ்கேனை மட்டும் வைத்து விலை சொல்லியிருந்தால் அது சிகிச்சைத் திட்டம் இல்லை, விலைப்பட்டியல். நெருக்கமான பல் என்றால் சிலருக்கு இரண்டு பல் எடுக்கவும் வேண்டியிருக்கும். அதைச் சொன்னார்களா?

வெளியே தெரியாதது என்பதிலும் மூன்று விதம். பல் நிறத்துக் கிளிப் பக்கத்தில் வந்தால் தெரியும், கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு அவ்வளவாகத் தெரியாது. உள்பக்கக் கிளிப் அறவே தெரியாது. ஆனால் நாக்கில் உரசும், முதல் சில வாரம் பேச்சு குழறும், நாள் முழுக்கப் பேசுகிற வேலைக்கு அது ஒரு விஷயம். அதைச் செய்யத் தெரிந்த டாக்டர்களும் குறைவு. 24 வயதுப் பெண், நாளைக்குக் கல்யாணமாகி ஓசூருக்கோ பெங்களூருக்கோ போனால், பாதியில் எடுத்துச் செய்ய அங்கே ஆள் தேட வேண்டும். உங்கள் பட்ஜெட்டுக்கு 1,60,000 வேண்டாம் என்பேன்.

மூன்றாவது அலைனர். அதைக் கழற்றி வைத்துவிட்டுத் தட்டுவடை செட் சாப்பிடலாம். கிளிப் போட்டால் அதை மறந்துவிட வேண்டியதுதான், தட்டுவடை கடித்தால் பிராக்கெட் கையோடு வந்துவிடும். ஆனால் அலைனர் நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். என் அக்கா மகன் அம்மாபேட்டையில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தான். கழற்றிக் காகிதத்தில் சுற்றி இலை ஓரத்தில் வைத்தான். ரசம் வந்தது, பாயசம் வந்தது, இலையை மடித்தான், எழுந்தான். மண்டபத்துப் பின்பக்கம் எச்சில் இலைக் குவியலில் முக்கால் மணி நேரம் தேடினோம். கிடைக்கவில்லை. புது செட் செய்ய ஆன செலவு முதலில் சொன்ன விலையில் இல்லை.

அதனால் விலையை இப்படிக் கேளுங்கள்: எக்ஸ்ரே, பல் எடுப்பது, சுத்தம் செய்வது எல்லாம் இதில் அடக்கமா? பிராக்கெட் கழன்றால், அலைனர் தொலைந்தால் எவ்வளவு? கடைசியில் பல் சரியாக வராமல் கூடுதல் செட் தேவைப்பட்டால் யார் செலவு? கிளிப்பை எடுத்தபின் ரீடெய்னர் (பல்லை அதே இடத்தில் பிடித்து வைப்பது) போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பல் பழைய இடத்துக்கே நகரும். அது இதில் சேர்ந்ததா? பாதியில் ஊர் மாறினால் எக்ஸ்ரே, ஸ்கேன் நகலும் செய்யாத வேலைக்கான பணமும் கிடைக்குமா? பதிலை லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். பின்னால் தகராறு வந்தால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அந்தத் தாள்தான் பேசும். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை.

இந்த 70,000-மே கனம் என்றால் அரியானூரில் உள்ள விநாயகா மிஷன் சங்கராச்சாரியார் பல் மருத்துவக் கல்லூரியிலும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். இப்படிப்பட்ட கல்லூரிகளில் பேராசிரியர் மேற்பார்வையில் முதுநிலை மாணவர்கள் செய்வார்கள், பொதுவாகத் தனியாரைவிடக் குறைவு. நேரம் அதிகம் ஆகும், நீங்கள் சேலத்தைத் தாண்டிப் போக வேண்டும்.

பணத்துக்கு வருவோம். ஆர்.டி.யை உடைக்காதீர்கள். பல் இத்தனை வருடம் இப்படித்தான் இருந்தது, மார்ச் வரை பொறுக்கும். 45,000 வந்ததும் 20,000 முன்பணம். மீதி 25,000-ஐ வீட்டுச் செலவோடு கலக்காமல் தனியாக வையுங்கள். பத்து மாதத் தவணை அதிலேயே முடியும், பாக்கி பத்து மாதம் மகள் சம்பளத்தில். பாதியில் ஓடும் சீட்டை இதற்காகத் தள்ளி எடுக்க வேண்டாம், அந்தத் தள்ளுபடியும் வட்டிதான். மருத்துவக் காப்பீட்டை நம்பவும் வேண்டாம், விபத்தில் அடிபட்ட பல்லைத் தவிர வேறெதற்கும் பெரும்பாலும் தர மாட்டார்கள்.

எல்லாம் கேட்டபின்னும் மகள் அலைனர்தான் என்றால், கடன் தாளில் கையெழுத்துப் போடும் முன் "கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்" கேளுங்கள், கடனின் முக்கிய விவரங்கள் அடங்கிய தாள் அது. 2024 அக்டோபர் 1 முதல் இப்படிப்பட்ட கடனுக்கு அதைக் கொடுத்தே ஆக வேண்டும், உங்களுக்குப் புரியும் மொழியில். அதில் ஏ.பி.ஆர். என்று ஒரு வரி இருக்கும், வட்டியும் கட்டணமும் சேர்ந்த ஆண்டுச் சதவீதம் அது. சென்டரில் சொன்ன பூஜ்யம் அந்த வரியில் இருக்கிறதா என்று மகளையே படித்துக் காட்டச் சொல்லுங்கள்.