அப்பா போர்முனையில, பொண்ணு கடைசிப் பக்கத்தைத் திறக்க மாட்டேங்குறா

சிஸ்டர், வீட்டுக்காரர் போர்முனைக்குப் போனதுலேர்ந்து அஞ்சு வயசுப் பொண்ணு படப்புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வர்றதுக்குள்ள மூடிடுறான்னு எழுதியிருந்தீங்க, படிச்சதும் மனசு கனத்துப்போச்சு. கட்டாயப்படுத்தாதீங்க. அப்பா ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறதோட முடியுற புத்தகத்தை இப்போதைக்கு ஒதுக்கி வைங்க, அது நம்மால கொடுக்க முடியாத வாக்கு. அதுக்குப் பதிலா சூசன் காலின்ஸ் எழுதின 'இயர் ஆஃப் த ஜங்கிள்'ங்கிற படப்புத்தகத்தை எடுத்துப் பாருங்க, 2013ல வந்தது, அவங்க அப்பா வியட்நாம் போர்ல இருந்த வருஷத்தைப் பத்தினது, போஸ்ட்கார்டு வரும், அப்புறம் வராது, திரும்பி வந்த அப்பாவும் பழைய அப்பாவா இருக்கமாட்டார், அதனால முதல்ல நீங்க தனியா படிச்சிடுங்க. அவகூட படிக்கும்போது விரல் எந்தப் படத்துல நிக்குதோ அங்கயே நிறுத்தி, ‘இந்தப் பாப்பா இப்ப என்ன நினைக்குது?’ன்னு மட்டும் கேளுங்க. பதில் வரலைன்னாலும் பரவால்ல, மடியிலயே வச்சிக்கோங்க.