குடும்பத்தோடு நீலகிரியைத் தாண்டச் சிறு விமானம்: வசதி பார்ப்பதா, ஏறும் திறன் பார்ப்பதா?

வீட்டில் நாலு பேர், விமானம் நிற்கப்போவது கோவையில், அடிக்கடி போவது மைசூருக்கு என்கிறீர்கள். அப்படியென்றால் முதலில் ஏறும் திறனைப் பாருங்கள், இருக்கை அகலம் அப்புறம். நான் கோத்தகிரிக்காரன், சின்ன விமானம் ஓட்டுகிறவன். நீங்கள் போகும் பாதை கிட்டத்தட்ட எங்கள் ஊர் மேலேயேதான்.

நாலு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் விமானமான செஸ்னா 172எஸ் நிமிடத்துக்கு 730 அடி ஏறும் என்று போட்டிருப்பார்கள். அது கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பநிலையில். கோவை ஓடுபாதையே சுமார் 1,300 அடியில் இருக்கிறது, ஏப்ரல் மத்தியான வெயில் வேறு; உயரத்திலும் சூட்டிலும் காற்று இலேசாகி ஏறும் திறன் குறையும். டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 3 சதவீதம் சக்தியை இழக்கும். கோத்தகிரி 6,000 அடியை ஒட்டி இருக்கிறது. அதற்கு மேல் 2,000 அடி இடைவெளி வேண்டுமென்றால், 75 நாட் (மணிக்குச் சுமார் 140 கி.மீ.) வேகத்தில் நேராகப் போக நிமிடத்துக்குச் சராசரி 330 அடியாவது ஏற வேண்டும். முழு எடையில் 172க்கு அது இழுபறிதான். உயரம் மட்டுமே சிக்கல் என்றால் சமவெளியிலேயே வட்டமடித்து ஏறிக்கொள்ளலாம், பத்து நிமிடம் கூடும், அவ்வளவுதான்.

காற்றுதான் பெரிய சிக்கல். ஜூன், ஜூலையில் எங்கள் ஊரிலிருந்து மேற்கே பார்த்தால் தொட்டபெட்டா பக்கம் மேகம் முகட்டைத் தாண்டி வழியும், இறங்க இறங்கக் கரைந்துபோகும். அந்தச் சரிவில் காற்று கீழே இறங்குகிறது என்று அர்த்தம். அது நிமிடத்துக்கு 500 அடி இறங்கினால், 300 அடி ஏறும் விமானம் முழு த்ராட்டில் கொடுத்தும் தாழ்ந்துகொண்டே போகும். ஏறும் திறனைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

வசதியை ஆடம்பரம் என்று சொல்லமாட்டேன். தோள் இடித்துக்கொண்டு, சூட்டிலும் இரைச்சலிலும் உட்கார்ந்திருக்கும் பைலட் சீக்கிரம் களைத்துப்போவார். 172இன் கேபின் சுமார் 40 அங்குல அகலம், அதைவிடப் பெரிய செஸ்னா 182 இரண்டு அங்குலம் கூடுதல், சிரஸ் எஸ்ஆர்22 49 அங்குலம். எஸ்ஆர்22க்கு 310 குதிரைத்திறன், வசதி, ஏறும் திறன் இரண்டிலும் அதுதான் முன்னால், விலையிலும்கூட. என் தேர்வு 230 குதிரைத்திறன் உள்ள செஸ்னா 182டி.

பணம் 172க்குத்தான் எட்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் மலை தாண்டும்போது ஒருவரைக் குறையுங்கள், வெயில் ஏறுமுன் கிளம்புங்கள், முகட்டை நேராக முட்டாமல் 45 டிகிரி சாய்வாக அணுகுங்கள். இறங்கு காற்றில் சிக்கினால் உடனே சமவெளிப் பக்கம் திரும்பிவிடலாம்.