கிடைக்காத துகளைத் தேடினால் பிஎச்டி வீணாகுமா?

அம்மா, உங்கள் மகள் இயற்பியலில் முதுகலை முடித்துவிட்டு, விரிவாக்கப்பட்ட ஹிக்ஸ் மாதிரிகளில் கரும்பொருளைத் தேடும் ஆய்வில் பிஎச்டி சேர விரும்புகிறார். இன்றுவரை யார் கையிலும் சிக்காத ஒன்று, கடைசிவரை சிக்காமலே போனால் அத்தனை வருடமும் வீண்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். வீண் இல்லை. காரணம் அவர் செய்யப்போகும் வேலையிலேயே இருக்கிறது.

பிரபஞ்சத்திலுள்ள பொருளில் ஏறத்தாழ 85 சதவீதம் ஒளியை உமிழ்வதுமில்லை, உறிஞ்சுவதுமில்லை. ஈர்ப்பை வைத்துத்தான் அது இருப்பதே தெரிகிறது. அதுதான் கரும்பொருள். 2012 ஜூலையில் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகம், அடிப்படைத் துகள்களுக்கு நிறை கிடைப்பதோடு தொடர்புடைய ஹிக்ஸ் துகளின் கண்டுபிடிப்பை அறிவித்தது. அந்த ஹிக்ஸ் தனி ஆளா, அதற்கு ஒரு குடும்பமே உண்டா என்பது இன்னும் திறந்திருக்கும் கேள்வி. விரிவாக்கப்பட்ட மாதிரிகளில் ஒன்றான, இரண்டு ஹிக்ஸ் இரட்டைகள் (இணையாக வரும் புலங்கள்) கொண்ட மாதிரி சரியென்றால் ஐந்து ஹிக்ஸ் துகள்கள் இருக்க வேண்டும். அதனுடன் இன்னொரு துகளைச் சேர்த்தால், அது நாம் அறிந்த துகள்களைக் கரும்பொருளோடு இணைக்கும் பாலமாகலாம்.

செர்னில் புரோட்டான்களை மோதவிடும்போது கரும்பொருள் பிறந்தாலும் அது கருவியில் தடம் பதிக்காமல் வெளியேறிவிடும். அப்புறம் எப்படித் தேடுவது? மோதும் புரோட்டான்களின் பாதைக்குக் குறுக்குத் திசையில் மொத்த உந்தம் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். மோதலுக்குப் பிறகும் அது அப்படியே இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஒரு ஹிக்ஸோ, இசட் என்ற கனமான துகளோ பாய, எதிர்ப்பக்கம் எதுவுமே பதிவாகவில்லை என்றால் கணக்கு உதைக்கிறது. உங்கள் மகள் தேடப்போவது அந்த உதைப்பைத்தான். ஆனால் எதனோடும் எளிதில் வினைபுரியாத, நாம் ஏற்கெனவே அறிந்த நியூட்ரினோ என்ற துகளும் இப்படித்தான் நழுவும். கருவி ஓர் ஆற்றலைத் தவறாக அளந்தாலும் இதே தோற்றம் வரும். இந்தப் போலிகள் எத்தனை என்று துல்லியமாக மதிப்பிடுவதற்கே மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். அவர் உண்மையில் கற்றுக்கொள்ளும் தொழில் இதுதான்.

இதுவரை சமிக்ஞை எதுவும் இல்லை. ஆனாலும் வெறுங்கையோடு யாரும் திரும்பவில்லை. ஹிக்ஸ் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகச் சிதையும் வாய்ப்பு சுமார் 11 சதவீதத்துக்கு மேல் இருக்க முடியாது என்று, 95 சதவீத நம்பக மட்டத்தில், செர்னில் சோதனை நடத்தும் அட்லஸ் குழு வரம்பு கட்டியிருக்கிறது. அந்த ஓர் எண் பல மாதிரிகளை ஓரங்கட்டிவிடுகிறது. இப்படி ஒரு வரம்பைச் சரியாக நிறுவினாலே அது முழுமையான ஆய்வேடு. துகள் கிடைத்தால்தான் பட்டம் என்ற நிபந்தனை எங்கும் கிடையாது.

சரி, நீங்கள் கேட்காத, ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படும் கேள்வி ஒன்று: அவர் போவது கோட்பாட்டுப் பக்கமா, சோதனைப் பக்கமா? சோதனைப் பக்கம் என்றால் ஆயிரக்கணக்கானோர் கொண்ட குழுவில் சி++, பைத்தான், புள்ளியியல், இயந்திரக் கற்றல் எல்லாம் தினசரி வேலையாகவே பழகிவிடும். தரவு அறிவியல், நிதித்துறை, மருத்துவப் படிமவியல் ஆகியவற்றில் இதற்கு மதிப்பு உண்டு. கோட்பாட்டுப் பக்கத்தில் சுதந்திரம் அதிகம், குழு சிறியது. ஆனால் நிரலாக்கத்தை அவரே முனைந்து கற்காவிட்டால் வெளியே வேலை தேடும்போது சிரமப்படுவார். நிரந்தரப் பேராசிரியர் பதவி இரண்டு பக்கத்திலும் குறைவு. பிஎச்டிக்குப் பின் ஊர் ஊராக, சில சமயம் நாடு நாடாக, இரண்டு மூன்று வருட ஒப்பந்தங்களில் போக வேண்டிவரும். இதை அவர் தெரிந்துகொண்டே சேரட்டும்.

சேரும் முன் வழிகாட்டியிடம் அவரையே கேட்கச் சொல்லுங்கள். முன்பு இங்கே பிஎச்டி முடித்தவர்கள் இப்போது என்ன வேலையில் இருக்கிறார்கள்? செர்னில் 2022இல் தொடங்கிய, 13.6 டெரா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் புரோட்டான்களை மோதவிடும் ஓட்டத்தின் தரவு கைக்கு வருமா? உதவித்தொகை எத்தனை வருடத்துக்கு உறுதி? கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வராத இடத்தில் சேர வேண்டாம்.