வீட்டுக்கு கையால் இயக்கும் லீவர் எஸ்பிரெசோ மெஷின் வாங்கப்போகிறேன். எப்படித் தேர்வு செய்வது?

முதலில் காபிக்கொட்டை அரைக்கும் கிரைண்டரைப் பாருங்கள். தூள் போதிய நைஸாக இல்லையென்றால் தண்ணீர் சரசரவென்று ஓடிவிடும். அழுத்தும் கைக்கு எதிர்ப்பே தெரியாது. பட்ஜெட்டில் பாதி அதற்கே போனாலும் தப்பில்லை.

அப்புறம், லீவரில் இரண்டு வகை. நேரடி லீவரில் அழுத்தம் முழுக்க உங்கள் கையில். ஸ்பிரிங் லீவரில் ஸ்பிரிங்கை இறுக்கிவிட்டால் போதும், அது விரிந்து பிஸ்டனைத் தள்ளும். அழுத்தம் உச்சத்தில் தொடங்கி மெல்லக் குறையும். 1940களின் பிற்பகுதியில் இத்தாலியில் காஜியா என்பவர் கொண்டுவந்த முறை இது. தினமும் ஒரே சுவை வேண்டுமென்றால் ஸ்பிரிங்தான் நல்லது.

பால் காபி குடிப்பவரா? லா பவோனி யூரோபிக்கோலா போல பாய்லர் உள்ளதை எடுங்கள், நுரைக்க ஆவி கிடைக்கும். ஆனால் அடுத்தடுத்து மூன்று நான்கு கப் போட்டால் காபி இறங்கும் தலைப்பகுதி அதிகமாகச் சூடேறி காபி கசந்துவிடும்.

வெறும் எஸ்பிரெசோ போதுமென்றால் பாய்லர் இல்லாத ஃபிளேர் அல்லது கஃபேலாட் ரோபோ. கெட்டிலில் கொதித்த நீரை ஊற்றி அழுத்த வேண்டியதுதான். அழுத்தத்தை முள்ளால் காட்டும் பிரஷர் கேஜ் உள்ளதையே வாங்குங்கள். முள் 2 பாரில் (பார் என்பது அழுத்த அளவு) நிற்கும்படி லேசாக அழுத்தி, தூள் இருக்கும் கூடைக்கு அடியில் முதல் சொட்டுகள் துளிர்த்ததும் 8, 9 பாருக்கு ஏற்றிப் பாருங்கள். தேன் போல இறங்கும்.