பிரைவசி அனலிஸ்ட் வேலைக்கு மகளை அனுப்பலாமா?

விருதுநகர் பக்கமிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகள் பி.காம். கடைசி ஆண்டு. கேம்பஸ் இன்டர்வியூவில் சென்னை நிறுவனம் ஒன்று 'பிரைவசி அனலிஸ்ட்' வேலைக்கு எடுத்திருக்கிறது. "டேட்டா என்ட்ரிக்குத்தான் புதுப் பேர் வச்சிருக்காங்க" என்று சொந்தக்காரர்கள் கிளப்பிவிட, வங்கித் தேர்வுக்கே படிக்கச் சொல்லிவிடலாமா என்று யோசிக்கிறார்.

ஐயா, இது டேட்டா என்ட்ரி இல்லை. மக்களின் சொந்த விவரங்களை ஒரு நிறுவனம் சட்டப்படி கையாளுகிறதா என்று பார்க்கும் வேலை, ஆடிட் வேலைக்குப் பக்கத்தில் வரும். அதனால்தான் பி.காம். பிள்ளைகளையும் எடுக்கிறார்கள்.

உங்கள் மகள் என்ன செய்வார் என்று கேட்டால், ஒரு மருத்துவமனையை நினைத்துக்கொள்ளுங்கள். பதிவு கவுன்டரில் பெயர், செல்போன் எண், ஆதார், என்ன நோய் என்று நான்கு விவரம் வாங்குகிறார்கள். செல்போன் எண் எஸ்எம்எஸ் அனுப்பும் வெளி நிறுவனத்துக்குப் போகிறது. நோய் விவரம் லேபுக்கும் இன்சூரன்ஸ் கிளெய்ம் பார்க்கும் கம்பெனிக்கும் போகிறது. எல்லாவற்றுக்கும் ஒரு பேக்கப், அது வேறு ஊர் சர்வரில். புது மென்பொருளைச் சோதித்துப் பார்க்க ஒருவர் உண்மையான நோயாளிகளின் பட்டியலையே நகலெடுத்து வைத்திருப்பார்; அதை யாரும் அழித்திருக்க மாட்டார்கள். இப்படி ஒவ்வொரு விவரமும் எங்கே போகிறது, யார் பார்க்கிறார்கள், எதற்காக, எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று துறை துறையாகக் கேட்டு எழுதுவதுதான் டேட்டா மேப்பிங். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் முதல் வேலை. எழுதி முடித்தால் ஓட்டைகள் தானாகத் தெரியும். பில்லிங் பிரிவுக்கு ஆதாரின் கடைசி 4 இலக்கம் போதும், 12-ம் ஏன் தெரிகிறது? வேலையை விட்டுப் போனவரின் லாகின் ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறது? பூட்டு போடுவது ஐடி செக்யூரிட்டி ஆட்களின் வேலை. சாவி யார் யாரிடம் இருக்கலாம், எதற்கு என்று கேட்பது இவர்கள் வேலை.

கொஞ்சம் சிக்கலான வேலையும் வரும். வங்கியில் கணக்கை முடித்த ஒருவர், "என் விவரம் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்" என்று கேட்கிறார். உடனே அழித்துவிட முடியாது. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டப்படி அவருடைய கேஒய்சி ஆவணங்களை, அதாவது அடையாள, முகவரிச் சான்றுகளைக் கணக்கு முடிந்த பிறகும் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆனால் லோன் வேண்டுமா என்று போன் போடும் பட்டியலில் அவர் எண் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எதை அழிக்கலாம், எதைக் கூடாது, ஏன் என்று அவருக்குப் புரியும்படி பதில் எழுத வேண்டும். கோடிங் தெரிந்திருந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் ஓடும். சட்டத்தைப் படித்துப் புரிந்துகொண்டு தெளிவாக நாலு வரி எழுதத் தெரியாவிட்டால்தான் ஓடாது.

இந்த வேலை ஏன் இப்போது பெருகுகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. பெரிய மீறலுக்கு அபராதம் 2 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு வருவாயில் 4 சதவீதம், எது அதிகமோ அது வரை போகலாம். ஐரோப்பிய வாடிக்கையாளர்களின் தரவைக் கையாளும் சென்னை, கோவை அலுவலகங்கள் அன்றிலிருந்தே இதைச் செய்துகொண்டிருக்கின்றன. நம் நாட்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்கள் தயாராக அந்த விதிகள் கொடுத்த அவகாசம் 18 மாதம். அந்த அவகாசம் முடிந்த பிறகு, தரவைக் காக்கத் தகுந்த ஏற்பாடு செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். தரவு கசிந்தால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தாமதிக்காமல் சொல்ல வேண்டும், வாரியத்துக்கு முழு விவரம் 72 மணி நேரத்துக்குள். இணையத் தாக்குதல் என்றால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும் என்ற உத்தரவு 2022-லிருந்தே இருக்கிறது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை வாடிக்கையாளர் விரும்பினால் தமிழிலும் படிக்க வழி செய்ய வேண்டும் என்கிறது அந்த 2023 சட்டம். தமிழ் நன்றாக எழுதத் தெரிந்த பிள்ளைக்கு இது ஒரு தனிப் பலம். கல்லூரிகளில் யாரும் இதைச் சொல்வதில்லை.

சரி, சொந்தக்காரர்கள் சொல்வதில் உண்மையே இல்லையா? கொஞ்சம் இருக்கிறது. பிரைவசி என்று பெயர் வைத்துவிட்டு நாள் முழுக்க எக்செல் பட்டியலில் பெயர்களை மறைக்க மட்டும் உட்கார வைக்கும் இடங்களும் உண்டு. அதனால் ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் எச்ஆரிடம் மகளையே கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் போன் போட வேண்டாம். டீமில் சட்டம் படித்தவர் இருக்கிறாரா? வாடிக்கையாளர் கோரிக்கைகளுக்குப் பதில் எழுதுவது யார்? முதல் ஆண்டில் எந்தச் சட்டத்தில் பயிற்சி தருவார்கள்? மூன்றுக்கும் மழுப்பலாகவே பதில் வந்தால் யோசியுங்கள். பாண்ட் கேட்டால் எத்தனை ஆண்டு, எவ்வளவு தொகை என்று எழுத்தில் வாங்குங்கள்.

சான்றிதழ் கோர்ஸுக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம். பிரைவசி வேலைக்கான வெளிநாட்டுத் தேர்வான சிஐபிபி, நம் நாட்டின் தரவுப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்சிஐ நடத்தும் டிசிபிபி இரண்டுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் ஓராண்டு வேலை பார்த்த பிறகு படித்தால்தான் மண்டையில் ஏறும், சில நிறுவனங்கள் அந்தச் செலவையும் ஏற்றுக்கொள்ளும். அதுவரை 2023 சட்டத்தை மூலத்திலேயே படிக்கட்டும். நீளம் அதிகமில்லை, மின்னணு அமைச்சகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

வங்கித் தேர்வை விட்டுவிடச் சொல்லவில்லை. வேலையில் சேர்ந்துகொண்டே ஒரு முறை எழுதட்டும். தேர்வாகி வந்தால் எங்கே போவது என்பதை அப்போது அவரே முடிவு செய்யட்டும்.