சரித்திர நாவல் வாசிக்க ஆசை, எங்க தொடங்கிறது? கேட்ட கேள்வியளும் என்ர பதிலும்

எங்கட ஊர் வாசிகசாலையில இருவது வருசத்துக்கு மேல புத்தகம் எடுத்துக் குடுக்கிறனான், சரித்திர நாவல் எண்டு வந்து கேக்கிற ஆக்கள்தான் எப்பவும் கூட. இந்த முறை வந்த கேள்வியளில அஞ்சுக்கு இஞ்ச மறுமொழி எழுதிறன்.

ஏ.எல் சோதனை முடிஞ்சுது. பொன்னியின் செல்வன் படம் பாத்தனான், புத்தகம் அஞ்சு பாகம் எண்டோண்ண பயமா கிடக்கு. வாசிக்கலாமோ?

வாசிக்கலாம் பிள்ளை, ஆனா உதைப் பாத்துப் பயப்பிடாதையும். அது 1950இல இருந்து 1954 வரைக்கும் கல்கி பத்திரிகையில கிழமைக்குக் கிழமை வந்த தொடர்கதை, அதால ஒவ்வொரு அத்தியாயமும் சின்னன், முடியிற இடத்தில ஏதோ ஒண்டு தொங்கிக்கொண்டு நிக்கும், அடுத்த கிழமை சனம் தேடி வாங்கவேணும் எண்டு எழுதினது தானே. நாளுக்கு ரெண்டு அத்தியாயம் எண்டு வைச்சா உமக்குத் தெரியாமலே முதலாம் பாகம் முடிஞ்சிடும். தொடக்கத்தைப் பாரும், ஆடிப்பெருக்கு அண்டைக்கு வீராணம் ஏரிக்கரையில வந்தியத்தேவன் குதிரையில வாறான், சனம் கட்டுச்சோறு கொண்டுவந்து இருந்து சாப்பிடுது, கொஞ்ச நேரத்தில பழுவேட்டரையற்ற படகுகள் பனைக்கொடியோட வருகுது. பனையைக் கொடியில பாக்கேக்க எங்களுக்கு ஒரு சந்தோசம் வரத்தானே செய்யும். ரெண்டாம் பாகம் கோடிக்கரையில பூங்குழலியோட தொடங்குது, அந்தப் பக்கம் கடலைத் தாண்டினா எங்கட கரை.

பேர்தான் ஆக்களைக் குழப்பிறது. அருள்மொழிவர்மன், பொன்னியின் செல்வன், பிறகு வந்த ராஜராஜன், மூண்டும் ஒராள். ஒரு துண்டுக் கடுதாசியில ஆர் ஆருக்கு என்ன முறை எண்டு எழுதிப் புத்தகத்துக்குள்ள வையும், ரெண்டாம் பாகத்துக்குப் பிறகு அந்தத் துண்டு தேவைப்படாது.

அப்பிடியும் மனம் வரேல்லை எண்டா பார்த்திபன் கனவை முதல் எடும். கல்கியின்ர முதல் சரித்திர நாவல், ஒரே புத்தகமா வரும், படகோட்டி பொன்னனும் வள்ளியும் சாதாரண சனம், அவையளோடயே கதைக்குள்ள போயிடலாம். கதையில ஒரு சிவனடியார் வருவார், அவர் ஆர் எண்டு நான் சொல்லமாட்டன்.

14 வயது மகன் சண்டைக் கதை கேக்கிறான். சாண்டில்யன் குடுக்கலாமோ?

கப்பல் சண்டை எண்டா கடல் புறாவை விட்டா வேற இல்லை, மூண்டு பாகம், கருணாகரத் தொண்டைமான் கடாரம் வரைக்கும் போறான், பெடியன் கீழ வைக்கமாட்டான். ஆனா சாண்டில்யன் பெண்ணை வர்ணிக்கத் தொடங்கினா பக்கக்கணக்கில போவார், அது உங்களுக்குச் சரியோ எண்டு நீங்கள்தான் ஒருக்கா முன்னுக்கு வாசிச்சுப் பாக்கவேணும். என்னைக் கேட்டா ரெண்டு வருசம் பொறுத்துக் குடுக்கலாம்.

சோழர் பல்லவர் போதும் ஐயா, எங்கட யாழ்ப்பாண ராச்சியத்தைப் பற்றி ஒண்டும் இல்லையோ?

தம்பி, இந்தக் கேள்வி எனக்கும் கனகாலமா நெஞ்சுக்குள்ள கிடக்கு. ஒரு விசயம் முதல் சொல்லவேணும், தமிழில முதல் சரித்திர நாவல் எண்டு சொல்லுறதே ஈழத்து ஆள் எழுதினதுதான், திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளையின்ர மோகனாங்கி, 1895. ஆனா கதை எங்கட நாட்டில இல்லை, மதுரை, தஞ்சாவூர் நாயக்கர் காலம். நடையும் பழசு, லேசா வாசிக்கிறதுக்கு எண்டு நான் அதை எடுத்துத் தரமாட்டன்.

இஞ்சத்தை எழுத்தாளரில செங்கை ஆழியானைத் தேடுங்கோ. புவியியல் படிச்ச மனுசன், நிலத்தைத் தெரிஞ்சு எழுதினவர், நந்திக்கடல், கடல்கோட்டை எண்டு சரித்திர நாவல்கள் எழுதியிருக்கிறார். கடையில கிடைக்காட்டி ‘நூலகம்’ எண்ட பேரில இருக்கிற இணையத்தளத்தில தேடுங்கோ, ஈழத்துப் புத்தகம் கனக்க அங்க காசில்லாமல் வாசிக்கலாம், ஃபோனிலயே திறக்கும்.

தமிழ்நாட்டு ஆக்கள் எழுதினதுக்குள்ளயும் எங்கட தீவு வந்து வந்து போகும். நா. பார்த்தசாரதியின்ர மணிபல்லவத்தை எடுத்தீங்கள் எண்டா, அந்தத் தீவை நயினாதீவு எண்டு சொல்லுற ஆக்கள் கனபேர், குறிகட்டுவானில வள்ளம் ஏறிப் போய் வந்த பிறகு அதை வாசிச்சா வேற மாதிரி இருக்கும். தமிழ் கொஞ்சம் அலங்காரம், முதல் அம்பது பக்கம் பொறுமை வேணும். அகிலனின்ர வேங்கையின் மைந்தன் ராஜேந்திர சோழன்ர கதை, பாண்டியற்ற முடியைத் தேடி இலங்கையின்ர தெற்குப் பக்கம் இருந்த ரோகணத்துக்கு வருவினம், 1963இல சாகித்திய அகாதமி பரிசு எடுத்தது, நடை நல்ல லேசு. இந்த ரெண்டில ஒண்டெண்டா நான் அகிலனைத்தான் முதல் தருவன்.

ஆனா நீங்கள் கேக்கிறது உது இல்லை எண்டு எனக்கு விளங்குது. 1560இல போர்த்துக்கேயர் வந்து நல்லூரை அடிச்சது, 1619இல ராச்சியம் முழுக்கப் பறிபோனது, 1658இல ஒல்லாந்தர் வந்தது, இவ்வளவும் எங்கட காலடிக்குக் கீழ நடந்தது. நல்லூரில, பழைய அரசர் இருந்த இடம் எண்டு சொல்லுற சங்கிலியன் தோப்பு வளைவுக்குப் பக்கத்தால சைக்கிளில போகேக்க ஒருக்கா இறங்கிப் பாருங்கோ, யமுனா ஏரியையும் பாருங்கோ. அந்தக் கடைசி நாளுகளைப் பொன்னியின் செல்வன் மாதிரி விரிச்சு, பள்ளிக்கூடப் பிள்ளையும் விடாமல் வாசிக்கிற மாதிரி ஆராவது எழுதவேணும் எண்டு எனக்குப் பெரிய ஆசை. எழுதிறவை யாழ்ப்பாண வைபவமாலை எண்ட எங்கட பழைய சரித்திர நூலில இருந்து தொடங்கலாம்.

உதுகளில உண்மை எவ்வளவு, கற்பனை எவ்வளவு?

ஒவ்வொரு புத்தகத்துக்கும் வேற வேற. பொன்னியின் செல்வனையே எடுப்பம். வந்தியத்தேவன் உண்மை ஆள், ராஜராஜன்ர அக்கா குந்தவையின்ர புருசன் எண்டு தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டில பேர் கிடக்கு. ராஜராஜன்ர தமையன் ஆதித்த கரிகாலனைக் கொலை செய்த ஆக்களின்ர பேரும் கல்வெட்டில இருக்கு, சோமன், ரவிதாசன் எண்டு, உடையார்குடிக் கல்வெட்டு எண்டு சொல்லுறது, அது இருக்கிறது காட்டுமன்னார்கோயிலில, கதை தொடங்கின அந்த வீராணம் ஏரிக்குக் கிட்ட. நந்தினியும் பூங்குழலியும் கல்கி உண்டாக்கின ஆக்கள். ஏன் கொலை செய்தவை எண்டதைக் கல்வெட்டு சொல்லேல்லை, அந்த வெறுமைக்குள்ளதான் அவர் நந்தினியைக் கொண்டுவந்து வைச்சவர். கதையை முடிச்சிட்டு உண்மையைத் தேடுங்கோ, முதலே தேடினா வாசிக்கிற ருசி போயிடும்.

அரசன், வாள், குதிரை எல்லாம் அலுத்துப்போச்சு எண்டு இதே ஆள் பேந்து கேட்டிருக்கிறார். அவருக்குப் பிரபஞ்சன்ர மானுடம் வெல்லும். பிரெஞ்சுக்காரர் இருந்த காலத்துப் புதுச்சேரி, ஆனந்தரங்கப்பிள்ளையின்ர நாட்குறிப்பை வைச்சு எழுதினது, சந்தைச்சனம், தேவதாசியள், மொழிபெயர்த்துக் குடுக்கிற துபாசிகள் எண்டு தெருவில நிக்கிற மாதிரி இருக்கும்.

அம்மாவுக்கு 72 வயது, அந்தக் காலத்தில தொடர் எல்லாம் வெட்டிக் கட்டி வைச்சு வாசிச்சவ. இப்ப கண் சரியில்லை. எந்தப் புத்தகம் வாங்கலாம்?

அம்மாவுக்குக் கதை தெரியும், அவவுக்கு இப்ப தேவை எழுத்தின்ர பருமன். கல்கியின்ர எழுத்து 1999இல நாட்டுடைமை ஆனது, அதால கன பதிப்பகம் போடுது, விலையும் விதம் விதமா இருக்கு, அஞ்சு பாகத்தையும் ஒண்டாக் கட்டி மலிவா விக்கிறதும் இருக்கு. அதை வாங்காதேங்கோ, எழுத்து எறும்பு மாதிரி, பாரம் செங்கல் மாதிரி, சாய்மனைக் கதிரையில இருந்து அவவால பிடிக்கேலாது. பாகம் பாகமா தனித்தனியா இருக்கிறதை வாங்குங்கோ. கடைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், நடுவில ஒரு பக்கத்தை விரிச்சுக் கையில குடுத்து, கண்ணாடியைப் போட்டு ரெண்டு பந்தி வாசிக்கச் சொல்லுங்கோ. புத்தகத்தைத் தள்ளிப் பிடிச்சா அந்தப் பதிப்பு வேண்டாம். நிப்பாட்டாமல் மூண்டாம் பந்திக்குப் போனா அதையே எடுங்கோ.