மிஞ்சின சோறு, காஞ்ச பாண்: ஹட்டன்ல இருந்து கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, ராச்சோறு தினமும் மிஞ்சுது, தண்ணி ஊத்தி வச்சா இந்தக் குளிருக்கு புளிக்கவே மாட்டேங்குது, கம்போஸ்ட் குழியில போட்டா எலி வருதுன்னு எழுதியிருந்தீங்க. குளிர்ல புளிக்க லேட்டாகும்தான், ஆனா குளிருதேன்னு நம்பி சோத்த விடிய விடிய வெளிய வைக்காதீங்க, அதுல வளர்ற ஒரு பாக்டீரியாவோட நஞ்சு திரும்ப சூடாக்கினாலும் போகாது. ஆவி அடங்கினதும் அகலமான ஏனத்துல பரப்பி ஃபிரிட்ஜ்ல வச்சிடுங்க, மறுநாளே முடிச்சிடணும். ஃபிரிட்ஜ் இல்லன்னா அரிசிய கொறச்சுப் போடுறத தவிர வேற வழியில்ல.

காலையில ரொட்டிக்கு ஒரு கோப்ப சோத்த நல்லா மசிச்சு, ஒரு கோப்ப கோதும மாவு, தேங்காப்பூ, வெங்காயம், பச்சமொளகா, உப்பு போட்டு பெசைங்க, சோத்துலயே ஈரம் இருக்கிறதால தண்ணி தெளிச்சா போதும். கட்டசம்பலோட சாப்பிட்டா பிள்ளைகளுக்கு சோறுன்னே தெரியாது! காஞ்ச பாண் தூளாக்கி கட்லட்டுக்கு. பாண் புட்டிங் எனக்கு என்னமோ பிடிக்கிறதில்ல.

குழிக்கு சமைச்சது எதுவும் வேணாம், எலிக்கு அதுதான் அழைப்பு. மரக்கறித் தோல், தேயிலச் சக்க, முட்டக்கோது மட்டும் போட்டு மேல காஞ்ச எலய மூடுங்க. அப்புறம் லீக்ஸோட பச்சப் பக்கத்தயும் பீட்ரூட் எலயயும் குழிக்கு அனுப்பாதீங்க, பொடியா நறுக்கி தேங்காப்பூ போட்டு சுண்டிடுங்க.